யவனரைவிட யவனரே மேல்

தெரியாத விஷயத்தைப் பேசி மாட்டிக்கொள்கிறவர்களைக் கண்டு நான் இரக்கப்படுவதே இல்லை. 'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று கையைக் கூப்பினால் உலகம் அவர்களை மன்னித்துவிடும். தெரிந்த விஷயத்தைப் பேசி மாட்டிக்கொண்டவனுக்குத்தான் எந்தக் கோயிலிலும் பரிகாரம் கிடையாது. நான் இரண்டாவது ஜாதி.

கிரேக்கர்களைப் பற்றியும் ரோமர்களைப் பற்றியும் அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை. (இப்போது நிறைய இருக்கிறது. வயது ஏற ஏற அறிவு வளரும் என்பார்கள். எனக்கு அறியாமைதான் ஒழுங்காக வளர்ந்துவருகிறது.) சரித்திரத்தில் பி.ஏ. தேறிவிட்டு, வேலை ஒன்றும் தேறாமல், வைகைக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நடக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ரோமாபுரிப் பிரபுக்கள் அப்படித்தான் நடந்திருப்பார்கள் என்பது என் துணிபு. முதுகு வலியா என்று கேட்டவர்கள் உண்டு.

அப்போதுதான் எனக்கு ஒரு வரன் வந்தது. வந்தது என்றால், நானாகப் போய் வரவழைத்தேன்.

எழிலரசனார் என்று ஒரு பெரியவர். பரவையில் நஞ்சை, மதுரையில் நெல் மண்டி. பெற்றவர்கள் சுந்தரராஜன் என்றுதான் பெயர் வைத்தார்கள். அவர் தமிழில் பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்று விரதம் பூண்டவர். (விரதம் என்ற சொல்லையும் சேர்த்தே விட்டவர்.) ஆகவே தம்மை எழிலரசனாராகவும், சரோஜா என்ற தம் மகளைத் தாமரையாகவும் மாற்றிக்கொண்டார். அவர் நடத்திய தமிழ் மன்றம் கோரிப்பாளையத்தில் காதர் ராவுத்தரின் ஜவுளிக்கடை மாடியில் கூடும். ராவுத்தர் என் சிநேகிதர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். மாடியை இலவசமாகக் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்.

மன்றத்தில் ஒரு கட்டுப்பாடு. பேசுகிறவர் வாயில் பிறமொழிச் சொல் வந்தால் மணி அடிப்பார்கள். உடனே அதற்குரிய தமிழ்ச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் உட்கார்ந்துவிட வேண்டும். மணி, பூசை அறையிலிருந்து எடுத்துவந்த வெண்கலக் கைமணி. அடிக்கிறவள் தாமரை.

நான் முதன்முதல் அந்த மாடிக்குப் போன அன்று ஒரு வக்கீல் பேச எழுந்தார். "மகாஜனங்களே!" என்றார். ணங்! வக்கீல் திகைத்து, "சபையோர்களே!" என்றார். ணங்! "நமஸ்காரம்" என்றார் பரிதாபமாக. ணங்! அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவ்வளவுதான். ஆயிரம் கப்பல்கள் ஒரு பெண்ணுக்காகப் புறப்பட்ட கதையை நான் பரீட்சைக்காக மட்டுமே நம்பியிருந்தேன். அன்று மனமார நம்பினேன்.

ராவுத்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"தம்பி, பெரியவருக்குப் பணங்காசு பெருசில்ல. தனக்கப்புறம் மன்றத்தத் தூக்கி நிறுத்துற மாப்பிள்ளை வேணுமாம். மேடையில பேசிக் காட்டச் சொல்றாக. அந்தப் புள்ளயோட தாய்மாமனும் பரவையிலேர்ந்து வாராக. அவுக தலையாட்டினாத்தான் கல்யாணம்."

"எதைப் பற்றிப் பேச வேண்டும்?"

"நீ சரித்திரம் படிச்சவன்னு சொன்னேன். கிரேக்கர் மேலா, ரோமர் மேலான்னு ஆராய்ஞ்சு பேசணுமாம்."

"ஆராய்ந்து?"

"தமிழர்தான் மேலுன்னு முடிக்கணுமாம்."

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கிரேக்கரும் ரோமரும் என் வீட்டுக் கோழியும் சேவலும் மாதிரி! இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன்.

எழிலரசனார் முதலில் என் பெயரைக் கேட்டார். பாலகிருஷ்ணன் என்றேன். முகம் சுளித்தார். கண்ணை மூடி யோசித்தார். "பாலன் என்றால் இளையவன். கிருஷ்ணன் என்றால் கரியவன். இன்றுமுதல் நீர் இளங்கருப்பன்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா, அப்ப வருஷா வருஷம் உனக்குக் கெடா வெட்டணுமா?" என்றாள்.

அடுத்த சிக்கலும் அந்தச் சந்திப்பிலேயே முளைத்தது. கிரேக்கர் என்பதும் ரோமர் என்பதும் தமிழ்ச் சொற்களா? பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: "இரண்டும் அயற்சொல். மணி அடிக்கப்படும்."

"அப்படியானால் அவர்களை எப்படி ஐயா அழைப்பது?"

"நம் பழம்பாடல்களில் யவனர் என்று அழகான சொல் இருக்கிறதே!"

"அது கிரேக்கருக்கா, ரோமருக்கா?"

"இருவருக்கும்தான்."

உண்மைதான். நம் முன்னோர்களுக்கு மிளகு வாங்க வந்தவன் எவனாயிருந்தாலும் யவனன். அவன் ஊர் என்ன, தத்துவம் என்ன என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அவர்கள் யாரும் இரு சாராரையும் ஒப்பிட்டுப் பேசிப் பெண் கேட்கவில்லை. 'யவனரா, யவனரா, யார் மேல்?' என்று நான் எப்படித் தொடங்குவது?

புத்திசாலிக்கு வழியா இல்லை? கிரேக்கர் கிழக்கே, ரோமர் மேற்கே. ஆகவே கீழை யவனர், மேலை யவனர் என்று பிரித்தேன். ஆட்களின் பெயர்களுக்கும் வழி கண்டுபிடித்தேன். விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட கிரேக்க ஞானி நஞ்சுண்டார். நண்பர்களால் குத்திக் கொல்லப்பட்ட ரோமாபுரித் தளபதி குத்துண்டார். என் சாமர்த்தியத்தை நானே வியந்து ராவுத்தரிடம் ஒப்பித்துக் காட்டினேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா யவனர்னு சொன்னா அது நாந்தானே?"

"நீங்களா?"

"ஆமாங்கிறேன். எங்கள மாதிரி சோனகருக்கு யவனர்னு ஒரு பேரு இருக்குன்னு சொல்லிப் பெரியவரு என்னய எப்பவும் யவன வணிகர்னுதான கூப்பிடுறாரு? நீ பாட்டுக்கு யவனன் அப்படி, யவனன் இப்படின்னா, சனம் பூரா என்னயத்தான் பாக்கும்."

"அண்ணே, இது உலக சரித்திரம்" என்றேன் பெருந்தன்மையோடு.

கூட்டத்தன்று மாடி நிரம்பிவிட்டது. எனக்கு இடப்பக்கம் பரவையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த பெண்வீட்டுச் சொந்தக்காரர்கள். நடுவில் தாய்மாமன். அவர் மீசையைப் பற்றி ஒன்று சொல்லலாம்: அவருக்கு முன்னாலேயே அது வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. வலப்பக்கம் கோரிப்பாளையத்துக் கடைக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் ராவுத்தர். மேடை ஓரத்தில், பெண்கள் உட்காரும் பாயின் நுனியில், மணியோடு தாமரை.

"அவையீரே!" என்றேன். மணி பேசாமலிருந்தது. எனக்கு ஒரு முழம் உயரம் கூடிவிட்டது.

"யவனரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். எல்லோரும் ராவுத்தரைப் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நஞ்சுண்டார் கதையில் தொடங்கினேன். ஊராரைக் கேள்வி கேட்டே திணற அடித்தார், ஊரார் கூடி நஞ்சைக் கொடுத்துவிட்டார்கள் என்று உருக்கமாகச் சொன்னேன். தாய்மாமன் பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார். "யாருய்யா, எண்ணெய்க்கடை நஞ்சுண்டாரா? முந்தாநாத்துக்கூடப் பாத்தேனே! எப்படா செத்தாரு?" என்று அவர் ரகசியமாகக் கேட்டது வைகைக்கு அக்கரையில் கேட்டிருக்கும். பக்கத்திலிருந்தவர் தமக்குத் தெரிந்தவரை விளக்கினார். துக்கம் விசாரிக்கும் முகங்களோடு பரவை வரிசை என் பேச்சைக் கேட்டது. நான் அதை என் நாவன்மைக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணிக்கொண்டேன்.

"கீழை யவனர் கள்ளில் நீர் கலந்து குடித்தனர்" என்றேன்.

"தம்பி," என்றார் ராவுத்தர் முதல் வரிசையிலிருந்து, அடிக்குரலில். "சத்தியமா நான் தொட்டதே இல்ல."

பேச்சு சூடு பிடித்தது. சூடு பிடித்தால் 'மேலை', 'கீழை'யில் உள்ள ஐகாரமெல்லாம் எங்கே நிற்கும்? மேல யவனர், கீழ யவனர் என்றே நாக்கு ஓடத் தொடங்கியது. மதுரையில் மேல மாசி வீதி, கீழ மாசி வீதி என்று பிறந்து வளர்ந்த நாக்கு.

"மேல யவனர் கல்லில் நெடுஞ்சாலை போட்டார்கள். ஊருக்கு ஊர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கீழ யவனர் என்ன செய்தார்கள்? சும்மா உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தார்கள்!"

வலப்பக்கத்திலிருந்து ஒரு பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். "ஏண்ணே, கீழத்தெருக்காரன் சும்மாவா உக்காந்திருக்கான்? மேலத்தெருவுக்குத் தண்ணிக் குழா வந்தது முனிசிபாலிட்டி செஞ்ச ஓரவஞ்சனைண்ணே! நாங்க எம்புட்டு தடவ எழுதிப் போட்டோம்!"

ணங்! முனிசிபாலிட்டிக்கு மணி. அவருக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் அசரவில்லை. "கீழ யவனரின் கடவுளரை மேல யவனர் அப்படியே எடுத்துக்கொண்டனர். பெயரை மட்டும் மாற்றி வைத்தனர். தாமாக ஒன்றும் உண்டாக்கத் தெரியாமல், பிறர் வைத்த பெயரை மாற்றுவதையே ஒரு பெருமையாகக் கருதினர்!" என்று முழங்கினேன்.

எல்லோரும் எழிலரசனாரைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். தாமரை மணியை முகத்துக்கு நேரே பிடித்து அதில் ஏதோ கறை இருப்பதுபோல் உற்றுப் பார்த்தாள்.

அப்போதாவது 'ஆகவே தமிழரே மேல்' என்று முடித்திருக்கலாம். ஆனால் என்னிடம் இன்னும் அறிவு மிச்சமிருந்தது. அதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக மனமில்லை.

"இன்னொன்று சொல்கிறேன். யவனர் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கீழை யவனர் நாட்டில் அயோனியா என்று ஒரு பகுதி. அந்தப் பெயர்தான் திரிந்து யவனர் ஆயிற்று. ஆகவே யவனர் என்பதே அவர்கள் சொல்!"

என் பரீட்சைத் தாளில் இந்த வரிக்குக் கீழே ஆசிரியர் கோடு போட்டுப் பாராட்டியிருந்தார். இங்கே வேறு விதமாகப் பாராட்டினார்கள்.

ணங்!

திரும்பிப் பார்த்தேன். தாமரை மணியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன செய்ய, நீங்கள்தானே சொன்னீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எழிலரசனார் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். மணி செல்லும்.

"தமிழ்ச் சொல்?" என்றார்.

கிரேக்கர் என்றால் மணி. ரோமர் என்றால் மணி. இப்போது யவனர் என்றாலும் மணி. உட்கார்ந்தால் கல்யாணம் போயிற்று. நின்றால், யாரைப் பற்றிப் பேசுகிறேனோ அவர்களுக்குப் பெயரே இல்லை. உலக சரித்திரத்தில் இரண்டு பெரும் நாகரிகங்களை ஒரே மாலையில் பெயரில்லாமல் அழித்தவன் நான் ஒருவன்தான்.

அப்போதும் தைரியம் போகவில்லை. அதுதான் என் துரதிருஷ்டம். பெயர் இல்லாவிட்டால் என்ன, கை இல்லையா? "இவர்கள்" என்று இடக்கையைப் பரவை வரிசைப் பக்கம் நீட்டினேன். அவர்கள் கிரேக்கர். "அவர்கள்" என்று வலக்கையைக் கடைக்காரர்கள் பக்கம் நீட்டினேன். அவர்கள் ரோமர். அவையும் மெல்லத் தலையாட்டியது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"அவர்கள் சட்டம் செய்தவர்கள்!" வலக்கை. கடைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இவர்கள் அழகை வணங்கியவர்கள்!" இடக்கை. தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். "அவர்கள் போரில் வல்லவர்கள்! இவர்கள் விளையாட்டில் வல்லவர்கள்! எப்படி விளையாடினார்கள் தெரியுமா?" இடக்கையை நன்றாக நீட்டி, விரலைத் தாய்மாமன் மீசைக்கு நேரே நிறுத்தி, முழுத் தொண்டையில் சொன்னேன்: "ஊர் மக்கள் அத்தனை பேரும் பார்க்க, இடுப்பில் ஒரு முழத் துணிகூட இல்லாமல், உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு, இவர்கள் அம்மணமாக ஓடினார்கள்!"

பெண்கள் பாயிலிருந்து 'அய்யய்யே' என்று ஒரு குரல். கடைக்காரர்கள் பக்கம் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அந்தப் பக்கமே சிரித்தது.

தாய்மாமன் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். அவ்வளவு உயரம்.

"யாருடா அம்மணமா ஓடினது? எங்கடா பாத்த? பரவையில வந்து கேளுடா, என் இடுப்புல வேட்டி இல்லாம எவனாவது பாத்திருக்கானான்னு!"

"மாமா, நான் உங்களைச் சொல்லவில்லை. கிரே..." ணங்! "ரோம..." ணங்! (பழக்க தோஷத்தில் ரோமரையும் கூப்பிட்டுவிட்டேன். அவர்கள் பாவம், வேட்டியோடுதான் இருந்தார்கள்.)

அப்போது எழிலரசனார் எழுந்தார். அவர் கோபித்து யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மனிதன் தன் தாய்மொழியில் பேசுவான் என்பார்கள். அவர் தாய்மொழி என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

"நிறுத்துய்யா! இது என்ன ஸ்பீச்சா?"

ணங்!

அவர் கவனிக்கவில்லை. "பொம்பளைக இருக்கிற இடத்துல ஒரு மரியாத வேணாம்?"

ணங்!

"சம்பந்தம் பேச வந்த எடத்துல கலாட்டா பண்ணிக்கிட்டு..."

ணங்! ணங்!

சம்பந்தத்துக்கு ஒன்று, கலாட்டாவுக்கு ஒன்று. எழிலரசனார் அப்படியே நின்றார். மெல்லத் திரும்பினார்.

"என்ன தாமரை, எனக்கேவா?"

தாமரை எழுந்து நின்றாள். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னதுதானப்பா. ஆளப் பாக்காத, சொல்லப் பாருன்னு."

மாடி முழுவதும் காத்திருந்தது. முதல் சொல்லுக்குப் 'பேச்சு' என்று சொன்னார். அடுத்ததற்கு 'மதிப்பு' என்றார். சம்பந்தத்துக்கு 'மணவுறவு' என்றார். கலாட்டாவுக்கு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். கோபத்தில் இருக்கிறவனுக்கு அகராதி ஏது? கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். மன்றத் தலைவர் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும் ஓர் ஓசை கேட்டது. வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குவது போன்ற ஓசை. தாய்மாமன் சிரித்தார்.

"மச்சான் உக்காந்துட்டாக! ஏ, எங்க மச்சான் உக்காந்துட்டாகடா! எங்க அக்காளக் கட்டுன நாள்லேர்ந்து இவுக வாயடைச்சு நான் பாத்ததில்லடா!" அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மீசை நனைந்தது.

நான் அந்தச் சிரிப்பின் மறைவில் படியிறங்கி ஓடினேன். இரண்டு கைகளும் தாமாகவே தலைமேல் இருந்தன.

அன்றைக்குப் பிறகு கோரிப்பாளையம் பக்கமே தலைகாட்டவில்லை. அது முடிந்த கதை என்று தீர்மானித்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "போனாப் போவுது விடுடா, கெடா செலவு மிச்சம்" என்றாள். ஆனால் வைகைப் பாலத்தில் நடக்கும்போது எங்காவது கோயில் மணி கேட்டால் கால் நின்றுவிடும்.

ஒரு நாள் ராவுத்தரே வீடு தேடி வந்தார். உட்காரும்போதே சிரித்தார்.

"தம்பி, பரவை மாமா தலையாட்டிட்டாக. 'எங்க மச்சானையே உக்கார வச்ச பய, விட்டுறாதீக'ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. பெரியவருதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக. கடைசியா புள்ளயக் கேட்டாக."

"அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"'மேடை ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணினா எனக்குச் சம்மதம். வீட்டுக்கு ஒரு பேச்சாளர் போதும்'னுச்சு. சத்தியம் பண்ணுவியா?"

பண்ணினேன். இன்றுவரை காப்பாற்றிவருகிறேன். எழுத்து வேறு, பேச்சு வேறு என்று நான் வாதாடி வென்றதால்தான் இதை எழுதவே முடிகிறது.

எழிலரசனார் எனக்கு ஒரே ஒரு தண்டனை கொடுத்தார். இளங்கருப்பன் என்ற பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் எல்லார் பெயரும் செந்தமிழில் இருக்க, மாப்பிள்ளை மட்டும் வடமொழியில் நின்றான். அம்மாவுக்குத்தான் பரம சந்தோஷம்.

கிரேக்கர் மேலா, ரோமர் மேலா என்பதற்கு இப்போது என்னிடம் முடிவான விடை உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் குடித்தனம் செய்யலாம். நான் உட்கார்ந்து யோசிக்கிறேன். தாமரை சட்டம் செய்கிறாள், தண்ணீர் கொண்டுவருகிறாள், வேண்டியபோது படையெடுக்கிறாள். அந்தக் கைமணி சீதனத்தோடு வந்தது. பூசைக்கும் பயன்படுகிறது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் யவனன் என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் நிலையாக மாறிவிட்டது. குளிப்பாட்டித் துவட்டுவதற்குள் கைக்கு அகப்படாமல் எண்ணெய் மினுக்கோடு முற்றத்தில் ஓடுகிற குழந்தை யவனன். "யவனனைப் பிடி, யவனனைப் பிடி!" என்று முதலில் கத்தியவர் பரவை மாமாதான். சித்திரை வெயிலில் நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும், "என்ன மாப்ள, இடப்பக்கம் வந்துட்டீகளா?" என்பார்.

போன மாதம் என் சின்ன மகளின் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பரீட்சை. 'யவனர் என்போர் யாவர்?' என்று கேட்டிருந்தார்கள். 'எண்ணெய் தேய்த்துக்கொண்டு துணியில்லாமல் ஓடுகிறவர்கள்' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். வாத்தியார் பாதி மதிப்பெண் போட்டிருந்தார்.

மனிதர் விஷயம் தெரிந்தவர். கிரேக்கருக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, ரோமருக்கு உரியதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். நேரில் போய் அவரிடம் விளக்கிவிட்டு வரலாமென்று சட்டையை மாட்டினேன்.

சமையலறையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. கழற்றி வைத்துவிட்டேன்.